இடுப்பில் கட்டும் பெல்ட்: தோலா, ரெக்சினா, நாடாவா?

தொப்புளுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் கறுத்துத் தடித்து அரித்தால், பலரும் முதலில் சோப்பை மாற்றுவார்கள். பிறகு கத்திரிக்காயை நிறுத்துவார்கள். தோல் மருத்துவர் முதலில் பார்ப்பதோ பெல்ட் பக்கிளையும் ஜீன்ஸ் பொத்தானையும். பக்கிளிலிருந்து கசியும் நிக்கல் பட்ட உடனே அரிக்காது. ஒரு நாள் கழித்தோ மூன்று நாள் கழித்தோதான் அரிப்பு கிளம்பும். அதனால்தான் பழி சாப்பாட்டின் மேல் விழுகிறது.

பெல்ட் வாங்கும்போது நிறம், அகலம், விலை பார்க்கிறோம். அது எதனால் ஆனது என்பதைக் கேட்பது குறைவு. ஆனால் நம் ஊர் வெயிலில், பத்து மணி நேரம் வியர்வையில் ஊறி, வயிற்றை அழுத்திக்கொண்டு கிடக்கும் பொருள் அது. ஈரம், உப்பு, உராய்வு, சூடு நான்கும் சேர்ந்தால் உலோகமும் சாயமும் பிளாஸ்டிக்கும் தங்களுக்குள் இருப்பதை வெளியே விடும். எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று பார்க்க மூன்று பாகங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: பக்கிள், பட்டை, பசை. பெரியவர்களுக்கு ஆபத்தின் வரிசையும் பெரும்பாலும் இதுவே. தோலா ரெக்சினா என்று பட்டையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள், முதலில் பார்க்க வேண்டிய பக்கிளை விட்டுவிடுகிறார்கள்.

பக்கிள்

கடையில் தொங்கும் மலிவான பக்கிள்களில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்தவை. தட்டினால் மந்தமான ஓசை வரும், காந்தம் ஒட்டாது. அதன்மேல் செம்பு, அதற்கு மேல் நிக்கல், கடைசியாக ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் குரோமியம் அல்லது தங்க நிறம் என்று முலாம் அடுக்கடுக்காக ஏறுகிறது. பளபளப்பைத் தருவது நடுவில் இருக்கும் நிக்கல்தான். மேல் அடுக்கு தேயத் தேய நிக்கல் வெளியே வரும். வியர்வையில் உள்ள உப்பு அதைக் கரைக்கும். கரைந்தது தோலுக்குள் இறங்கும். முதலில் தேய்வது முள்ளின் நுனியும், பக்கிளின் கீழ் விளிம்பும், பின்பக்கமும். நாம் முன்பக்கத்தைப் பார்த்து ‘இன்னும் புதுசாத்தான் இருக்கு’ என்போம். வயிற்றில் படுவது பின்பக்கம்.

நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது. பெண்களிடம் இது மிக அதிகம். காது குத்தி மலிவான தோடு போடுவதில் தொடங்குவது அதற்கு முக்கியக் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. நீண்ட நேரம் தோலில் படும் பொருளிலிருந்து, ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு வாரம் ஒன்றுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது. பொருளைச் செயற்கை வியர்வையில் ஒரு வாரம் ஊறவைத்து, கசிந்ததை அளப்பார்கள். முலாம் பூசிய பொருளென்றால் இரண்டு ஆண்டுத் தேய்மானத்தை முதலில் செயற்கையாக உண்டாக்கிவிட்டுத்தான் ஊறவைப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம்: சட்டம் அளப்பது பொருளுக்குள் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதையல்ல, எவ்வளவு வெளியே வருகிறது என்பதை. 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில் எட்டு முதல் பத்து சதவீதம் நிக்கல் உண்டு. ஆனாலும் அதன்மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடுப் படலம் நிக்கலைப் பூட்டி வைத்துவிடுவதால், கசிவு மிகக் குறைவு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களிலும் பெரும்பாலோர் 304, 316 எஃகைத் தாங்கிக்கொள்கிறார்கள். 303 வகை விதிவிலக்கு. எளிதாகக் கடைசல் பிடிக்க அதில் கந்தகம் சேர்ப்பதால் அரிமானம் அதிகம், கசிவும் அதிகம். 430 வகை எஃகில் நிக்கல் இல்லை என்றே சொல்லலாம், காந்தமும் ஒட்டும். இதை வைத்து ‘காந்தம் ஒட்டினால் பயமில்லை’ என்று எண்ணிவிடக் கூடாது. நிக்கல் முலாம் பூசிய இரும்பிலும் காந்தம் ஒட்டும்.

முழுப் பித்தளைப் பக்கிள் நல்ல தேர்வு, ஆனால் முலாம் இல்லாததாக இருக்க வேண்டும். வெள்ளி நிறத்தில் மின்னும் ‘பித்தளை’ என்றால் அதன்மேல் இருப்பது பெரும்பாலும் நிக்கல்தான். பித்தளைக்கும் குறைகள் உண்டு. வியர்வையும் தோலில் உள்ள எண்ணெயும் சேர்ந்து பச்சைக் களிம்பு பிடிக்கும், வெள்ளைச் சட்டையில் கறை விழும். எளிதாகக் கடைவதற்காக மூன்று சதவீதம் வரை ஈயம் சேர்த்த பித்தளையும் புழக்கத்தில் இருக்கிறது. பெரியவர் இடுப்பில் அது பெரிய கவலை இல்லை. எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்கு வேண்டாம்.

‘கன்மெட்டல்’, ‘ஆன்டிக்’ என்று விற்கும் கறுப்புப் பக்கிள்களில் பலவற்றின் நிறம் கறுப்பு நிக்கல் முலாமால் வருவது. தங்க நிறத்துக்கு அடியிலும் நிக்கல் அடுக்கு இருப்பது வழக்கம். ஜெர்மன் சில்வர் என்பதில் வெள்ளி துளியும் கிடையாது. அது செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் சேர்ந்த கலவை. நிக்கல் பத்து முதல் இருபது சதவீதம் வரை இருக்கும். கல்யாணத்துக்கும் நடன அரங்கேற்றத்துக்கும் கட்டும் ஜெர்மன் சில்வர் ஒட்டியாணமும் கவரிங் ஒட்டியாணமும் புடவைக்கு மேல்தானே என்று விட்டுவிடுவோம். பக்கவாட்டில் இடுப்புத் தோலில் நேராகப் படும் இடம் இரண்டு விரல் அகலமாவது இருக்கும். அங்கே பருத்தி நாடா ஒன்றை உள்பக்கம் தைத்துக்கொண்டால் போதும்.

நிக்கல் கசிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் நிக்கல் உப்பைக் கண்டுபிடிக்கப் பயன்படும் டைமெத்தில்கிளையாக்சைம்தான் இதற்கும். ஒரு சதவீத ஆல்கஹால் கரைசல் ஒன்று, பத்து சதவீத அம்மோனியாக் கரைசல் ஒன்று. இரண்டும் சேர்ந்த சிறு சோதனைக் குப்பிகளாக இணையத்தில் கிடைக்கின்றன. பஞ்சுக் குச்சியில் இரண்டிலும் இரண்டு துளி விட்டு, பக்கிளின் பின்பக்கத்தில் ஒரே இடத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். பஞ்சு ரோஜா நிறமானால் நிக்கல் கசிகிறது. அந்தப் பக்கிள் வேண்டாம். நிறம் மாறாவிட்டால் இன்றைக்குக் கசியவில்லை என்று மட்டும் பொருள். முலாம் தேய்ந்த பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். முள், முள் தங்கும் விளிம்பு, பக்கிளைப் பட்டையோடு பிணைக்கும் ரிவெட் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிப் பஞ்சில் சோதியுங்கள். பக்கிள் நல்ல எஃகாக இருந்து, பின்னால் இருக்கும் ரிவெட் நிக்கல் முலாமாக இருப்பது நடப்பதுதான். வளையத்தைப் பிணைத்திருக்கும் சிறு கம்பி ஊசியும் அப்படியே.

இதிலிருந்து வாங்கும்போது பார்க்க வேண்டிய முக்கியமான ஒன்று கிடைக்கிறது: பக்கிளைக் கழற்ற முடிகிறதா? திருகு ஆணியோ அழுத்துப் பொத்தானோ வைத்த பெல்ட்டில் பக்கிளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தையல் போட்டு மூடியதில் முடியாது. ‘ஆட்டோலாக்’ பெல்ட்டுகளின் பெட்டி போன்ற பக்கிள் பெரும்பாலும் முலாம் பூசிய துத்தநாகக் கலவை. வயிற்றில் படும் பரப்பும் அதில் அதிகம். ஒவ்வாமை உள்ளவருக்கு இருப்பதிலேயே மோசமான தேர்வு அது.

பட்டை: இரண்டு வகைத் தோல்

தோல் பெல்ட் என்றால் ஒரே பொருள் என்று நினைக்கிறோம். பதனிடும் முறையைப் பொறுத்து அது முற்றிலும் வெவ்வேறு பொருள்.

உலகில் இன்று பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோம் முறையில் வருவது. குரோமியம் சல்பேட் கரைசலில் உருளைகளில் சுழற்றினால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். வெளிர்நீலமாக வரும் அந்த ஈரத் தோலைத்தான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ‘வெட்புளூ’ என்கிறார்கள். மற்றது மரப்பட்டை முறை. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காயில் முடிப்பது நம் பக்கத்துப் பழைய வழி. வாரக்கணக்கில் ஆகும். இப்படிப் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல் ‘ஈஸ்ட் இண்டியா லெதர்’ என்ற பெயரில் உலகெங்கும் போனது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இப்போது பல இடங்களில் ஆவாரம்பட்டைக்குப் பதில் வாட்டில் மரப்பட்டைச் சாறு பயன்படுகிறது. வேதியியல் அதேதான்: பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின்.

குரோம் தோலில் இருக்க வேண்டியது மூன்றிணைதிறக் குரோமியம். அது தோல் நாரோடு இறுகப் பிணைந்திருக்கும். பெரிய தொல்லை தராது. தொல்லை, அதில் ஒரு சிறு பங்கு ஆறிணைதிறக் குரோமியமாக மாறும்போது வருகிறது. இது கடுமையான ஒவ்வாமைப் பொருள். மூச்சில் போனால் புற்றுநோய் தருவது. மாற்றம் ஏன் நடக்கிறது என்பதும் தெரிந்ததே. தோலை மென்மையாக்க ஊட்டும் மீன் எண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்புகள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து குரோமியத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன. சாயமேற்றும்போது அம்மோனியா சேர்த்துக் காரத்தன்மை கூடினால் மாற்றம் வேகமாகும். வெப்பம், புற ஊதா ஒளி, உலர்ந்த காற்று மூன்றும் அதைத் தூண்டும். ஆகவே தொழிற்சாலையில் சோதனையில் தேறிய தோல், வெயிலில் நிறுத்திய காரின் இருக்கையில் ஒரு கோடை கிடந்தால் தேறாமல் போகலாம். இந்த மாற்றத்தை முன்கூட்டியே வரவழைக்கத்தான் ஆய்வகத்தில் தோலை 80 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்துவிட்டுச் சோதிக்கும் முறை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே 1 முதல், உடலில் படும் தோல் பொருளில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மி.கி. அளவை எட்டக்கூடாது.

மரப்பட்டைத் தோலில் குரோமியம் இல்லை, மாறுவதற்கும் எதுவுமில்லை. இன்னொரு நன்மை, டானின் தானே ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது. குரோம் தோலைக்கூடக் கடைசியில் டானினில் ஒருமுறை ஊறவைத்தால் ஆறிணைதிறக் குரோமியம் உருவாவது வெகுவாகக் குறைகிறது. பெல்ட்டுக்கு வேண்டிய விறைப்பும் தடிமனும் மரப்பட்டைத் தோலுக்கு இயல்பாகவே உண்டு. குதிரைச் சேணமும் பெல்ட்டும் காலங்காலமாக அதில்தான் செய்தார்கள்.

மரப்பட்டைத் தோலை முழுப் புனிதமாக்கிவிடவும் கூடாது. கழிவுநீரின் உப்பு இரண்டு முறைக்கும் பொது. பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்டதற்கு அந்த உப்பும் பெரிய காரணம். தோல் பதனிடும் ஆலைகள் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் வழக்கின் தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்தது. குரோமியத்தின் கதை இன்னும் கொடுமையானது. பதனிடும் உப்பு தயாரித்து, 1990-களில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு, ராணிப்பேட்டை மண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்து நீரில் இறங்கியது. பெல்ட் கட்டுபவருக்கு வரும் அரிப்பைவிட, அதைச் செய்யும் ஊரின் கிணற்றில் இறங்குவது பெரிது. எந்தப் பெல்ட் வாங்குவது என்ற கணக்கில் அதையும் சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

எந்தத் தோல் என்று கண்டுபிடிப்பது எப்படி

விற்பவருக்கே பல நேரம் தெரியாது. ‘ஒரிஜினல் லெதர்’ என்ற முத்திரை பதனிடும் முறையைச் சொல்லாது. வெட்டு விளிம்பைப் பார்க்கலாம் என்றால் அங்கே விளிம்புச் சாயம் பூசியிருப்பார்கள். பெல்ட்டின் துளைகளுக்கு உள்ளே பாருங்கள். அங்கே சாயம் பூச யாரும் மெனக்கெடுவதில்லை. உள்ளே நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். மேலிருந்து கீழ்வரை மண்பழுப்பு என்றால் மரப்பட்டையாக இருக்கலாம். அடுக்கடுக்காக, நடுவில் அட்டை போலத் தெரிந்தால் அது ஒட்டுத் தோல்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு சோதனைகள். அளவுக்கு வெட்டிக் கட்டும் பெல்ட்டில் வால் துண்டு மிஞ்சும். அதிலிருந்து இரண்டு மி.மீ. அகலம், இரண்டு செ.மீ. நீளத்துக்கு ஒரு சீவல் போதும்.

முதலாவது கொதிநீர். நன்றாகக் கொதிக்கும் நீரில் சீவலை இரண்டு நிமிடம் போடுங்கள். மரப்பட்டைத் தோல் 70, 80 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். கொதிநீரில் சுருண்டு, குறுகி, பின்பு காய்ந்து கட்டையாகிவிடும். குரோம் தோல் கொதிநீரிலும் அப்படியே கிடக்கும்.

இரண்டாவது இரும்பு. துருப்பிடித்த ஆணியை வினிகரில் இரவு முழுவதும் ஊறப்போடுங்கள். அந்தத் தண்ணீரைச் சாயம் ஏறாத உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்தால், டானின் உள்ள இடம் ஒரு நிமிடத்துக்குள் கறுத்துவிடும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய அதே வினைதான். உள்பக்கமும் கறுப்பாக இருக்கும் பெல்ட்டில் இந்தச் சோதனை பயன்படாது.

இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுருண்டது, கறுத்தது என்றால் மரப்பட்டைத் தோல். சுருளவில்லை, ஆனால் கறுத்தது என்றால் குரோம் தோலுக்கு டானின் ஊட்டியிருக்கிறார்கள்; குரோம் ஒவ்வாமை இல்லாதவருக்கு அது மோசமில்லை. சுருளவும் இல்லை, கறுக்கவும் இல்லை என்றால் வெறும் குரோம். சுருண்டது, கறுக்கவில்லை என்றால் குளூட்டரால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடில் பதனிட்டது. ‘குரோம் ஃப்ரீ’ என்று முத்திரை குத்தி வரும் பொருள் இந்தக் கடைசி வகையாகவும் இருக்கலாம். குரோம் இல்லை என்றால் மரப்பட்டை என்று பொருளல்ல.

கட்டட வேலை செய்பவர்களுக்கு இது தனியாகச் சொல்லப்பட வேண்டியது. ஈரச் சிமென்டிலும் ஆறிணைதிறக் குரோமியம் உண்டு. அதனால் கையில் படை வந்தவரின் உடல் குரோமியத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அவருக்குக் குரோம் தோல் பெல்ட்டும் செருப்பும் அதே படையைக் கிளப்பலாம். கையுறை போட்டுச் சிமென்டைத் தவிர்த்தும் புண் ஆறாத கொத்தனார்கள் செருப்பையும் பெல்ட்டையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

சாயத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு தம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பு கரைத்து, வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, பெல்ட்டின் உள்பக்கத்தில் இருபது முறை தேயுங்கள். துணியில் நிறம் இறங்கினால் வியர்வையிலும் இறங்கும். இறங்கும் சாயம் கெட்ட சாயம்தான் என்று இது சொல்லாது. எதுவாக இருந்தாலும் உடலில் சேராத பெல்ட்டைத் தேர்ந்தெடுக்க உதவும். கெட்டது என்றால் எது? சில அசோ சாயங்கள் சிதைந்து பென்சிடின் போன்ற புற்றுநோய் அமீன்களாகின்றன. இந்தியா 1990-களிலேயே இப்படிப்பட்ட 112 சாயங்களைத் தடைசெய்தது. ஐரோப்பாவில் அந்த அமீன்களுக்கு வரம்பு கிலோவுக்கு 30 மி.கி. கறுப்பும் அடர்பழுப்பும் அதிகச் சாயம் குடிப்பவை. சந்தேகம் இருந்தால் சாயமேற்றாத இயற்கைப் பழுப்புத் தோலை எடுங்கள்.

ரெக்சின் என்ற பெயரில் இரண்டு பொருள்

கடைக்காரர் ரெக்சின் என்று சொல்வது பி.வி.சி.யாகவும் இருக்கலாம், பாலியூரித்தேனாகவும் இருக்கலாம். இந்த இரண்டில் பி.வி.சி. வேண்டவே வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

பி.வி.சி. இயல்பில் தண்ணீர்க் குழாய் போல விறைப்பானது. அதை வளைக்க, எடையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தாலேட் எண்ணெய்கள் கலக்கப்படுவதுண்டு. அவை பிளாஸ்டிக்கோடு பிணைவதில்லை. இடையில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். சூட்டிலும் வியர்வைக் கொழுப்பிலும் மெல்ல வெளியேறும். பழைய பெல்ட் பிசுபிசுப்பதும், இன்னொரு பிளாஸ்டிக்கோடு சேர்த்து வைத்தால் ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைக் கெடுப்பவை என்று வகைப்படுத்தப்பட்ட நான்கு தாலேட்டுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை 7 முதல் கூட்டாக 0.1 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மலிவான பி.வி.சி.யில் நிலைப்படுத்தவும் நிறம் கொடுக்கவும் ஈயம், காட்மியம் சேர்த்த காலமும் உண்டு. புதுப் பெல்ட்டைப் பொட்டலத்திலிருந்து எடுத்ததும் மழைக்கோட்டு வாடை குப்பென்று அடித்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

நெருப்பில் காட்டிப் பார்க்கச் சொல்லும் காணொலிகள் நிறைய. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். வீட்டுக்குள் அதைச் செய்யவே கூடாது.

பாலியூரித்தேனில் தாலேட் சேர்க்க அவசியமில்லை. அதன் சிக்கல் கரைப்பான். டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பானில் கரைத்துத் துணிமேல் படியவைக்கிறார்கள். அது ஈரலைப் பாதிக்கும். முதலில் பாதிக்கப்படுபவர் அந்த ஆலையில் வேலை செய்பவர். நன்றாக அலசாத பொருளில் எச்சமும் தங்கும். கட்டுபவருக்கு ஆபத்து பி.வி.சி.யைவிடக் குறைவு. ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் இதன் படலம் நீரால் சிதைந்து செதில் செதிலாக உரியும். சென்னை போன்ற கடலோர ஊரில் இரண்டு மூன்று ஆண்டே அதிகம். ‘வீகன் லெதர்’ என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றுதான். கற்றாழை, அன்னாசி என்று பெயர் போட்டு வருபவற்றிலும் மேல்படலம் பெரும்பாலும் பாலியூரித்தேனே. எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள்.

நாடா, கித்தான், எலாஸ்டிக்

செலவு குறைவாக, கவலையும் குறைவாக வேண்டுமென்றால் நைலான் அல்லது பருத்தி நாடாவில் பிளாஸ்டிக் பக்கிள் வைத்த பெல்ட். உலோகம் இல்லை, பசை இல்லை, துவைக்கலாம். விமான நிலையச் சோதனையில் கழற்றும் வேலையும் பெரும்பாலும் மிச்சம். அலுவலக உடைக்குப் பொருந்தாது என்பது மட்டுமே இதன் பெரிய குறை. பாலியஸ்டர் நாடாவில் அடர்நீலம், கறுப்பு நிறங்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றுக்குப் போடும் டிஸ்பர்ஸ் வகைச் சாயங்களில் சில, தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. எதுவானாலும் கட்டுவதற்கு முன் இரண்டு முறை அலசுங்கள்.

தண்ணீர் ஒட்டாது என்று விற்கும் கித்தான், ஸ்வேட் (மேற்பரப்பு மெத்தென்ற தோல்) பெல்ட்டுகளில் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃபுளூரின் சேர்மங்கள் இருக்கலாம். அவை மண்ணிலும் உடலிலும் அழியாமல் தங்குபவை. பிரான்சு 2026 தொடக்கத்திலிருந்து அவை உள்ள ஆடைகளை விற்கத் தடை போட்டிருக்கிறது. சோதிக்க ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். மெழுகும் சிலிக்கோனும் தண்ணீரை விரட்டும், எண்ணெயை விரட்டாது. எண்ணெய்ச் சொட்டும் ஊறாமல் முத்துப்போல நின்றால் ஃபுளூரின் பூச்சு என்று கொள்ளலாம்.

பள்ளிப் பிள்ளைகளின் எலாஸ்டிக் பெல்ட்டில் இரண்டு விஷயம். ஒன்று, கொக்கி, அது முலாம் பூசிய தகடு, மேலே சொன்ன நிக்கல் சோதனையை அதற்குச் செய்யுங்கள். மற்றது, ரப்பரை இறுக்கச் சேர்க்கும் தயூரம், கார்பமேட் வகை முடுக்கிகள். இவை ஒவ்வாமை தருபவை. ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் எலாஸ்டிக்கை ஊறவைத்தால் குளோரின் சில கார்பமேட்டுகளோடு வினைபுரிந்து இன்னும் மோசமான ஒவ்வாமைப் பொருளை உண்டாக்கும். வெள்ளைச் சீருடையோடு சேர்த்து அதையும் ப்ளீச்சில் போடுவது வழக்கம்; தனியாக எடுத்து சோப்பில் அலசினால் போதும். குழந்தைக்கு பி.வி.சி. பெல்ட் கூடவே கூடாது என்பதற்குக் காரணம் இடுப்பல்ல, வாய். வகுப்பில் பெல்ட் நுனியைக் கடிக்காத பிள்ளை அபூர்வம்.

யாரும் பார்க்காத பசை

இரண்டு பக்கமும் மாற்றிக் கட்டும் பெல்ட், மெல்லிய அலுவலக பெல்ட், ஒட்டுத் தோல் பெல்ட் எல்லாம் அடுக்குகளைப் பசையால் ஒட்டியவை. தோல் வேலையில் பயன்படும் நியோப்பிரீன் பசையில் சேரும் ஒருவகை ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின், கைக்கடிகாரப் பட்டை, செருப்பு, பெல்ட் மூன்றிலும் அறியப்பட்ட ஒவ்வாமைப் பொருள். பக்கிளை மாற்றியும், மரப்பட்டைத் தோலுக்கு மாறியும் இடுப்பைச் சுற்றிப் பட்டையாக அரிப்பு நிற்கவில்லை என்றால் பசையைச் சந்தேகியுங்கள். அரிப்பின் வடிவமே துப்புக் கொடுக்கும். தொப்புளருகே வட்டமாக வந்தால் பக்கிள். இடுப்பைச் சுற்றிக் கோடாக வந்தால் தோல், சாயம், பசை அல்லது எலாஸ்டிக்.

இதனால்தான் மூன்றரை, நான்கு மி.மீ. தடிமனுள்ள ஒற்றைத் தோலில் வெட்டிய பெல்ட்டை நாங்கள் முதலிடத்தில் வைக்கிறோம். அதில் ஒட்ட எதுவும் இல்லை. விலை கூடுதல்தான். ஒட்டுப் பெல்ட் ஓரிரு ஆண்டில் வெடித்து உரியும்போது இது பத்தாண்டு வரை உழைக்கும்; இடையில் பக்கிளை மாற்றிக்கொள்ளலாம்.

சான்றிதழ்கள் பற்றிச் சுருக்கமாக: ‘ஓகோ-டெக்ஸ்’ முத்திரை பொருளையே ஆய்வகத்தில் சோதித்துத் தருவது, தோலுக்கும் துணிக்கும் தனித்தனியாக உண்டு. ‘லெதர் வொர்க்கிங் குரூப்’ முத்திரை ஆலையின் நீர், ஆற்றல், கழிவு மேலாண்மையை மதிப்பிடுவது. உங்கள் கையில் இருக்கும் பெல்ட்டில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. இரண்டுக்கும் மதிப்பு உண்டு, ஒன்றை மற்றதாக எண்ணக்கூடாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழும் தமிழர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மிகுந்த கவலைக்குரியவை என்று அங்கே பட்டியலிட்ட பொருள் எதுவும் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டால், விற்பவர் 45 நாளுக்குள் இலவசமாகப் பதில் தரவேண்டும் என்பது சட்டம். நம் ஊரில் ஏற்றுமதி மிச்சமாக விற்கும் பெல்ட்டுகளை ‘ஐரோப்பாத் தரம்’ என்று நம்பி வாங்குகிறோம். சோதனையில் தேறாமல் ஒதுக்கப்பட்ட சரக்கும் அதில் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஆக, தேர்வு இப்படி அமைகிறது. நிக்கல் அரிப்பு உள்ளவருக்கு நாடாவும் பிளாஸ்டிக் பக்கிளும். தோல்தான் வேண்டுமென்றால் மரப்பட்டைத் தோலில் 316 எஃகோ டைட்டானியமோ. அரிப்பு எதுவும் இல்லாத அலுவலகக்காரருக்கு ஒற்றை மரப்பட்டைத் தோலில் கழற்றக்கூடிய எஃகு அல்லது பித்தளைப் பக்கிள். இரும்புப் பக்கிள் வேண்டாம். டானினும் வியர்வையும் சேர்ந்து தோலையும் சட்டையையும் கறுப்பாக்கிவிடும். கொத்தனாருக்குக் கண்டிப்பாக நாடா. பிள்ளைகளுக்குப் பருத்தி நாடா, அல்லது இடுப்பில் உள்ளேயே பொத்தான் வைத்துச் சுருக்கும் கால்சட்டை, பெல்ட்டே தேவைப்படாது. கையில் காசு குறைவு, ரெக்சின்தான் முடியும் என்றால் பி.வி.சி.யை விட்டுப் பாலியூரித்தேனை எடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பனியனை உள்ளே செருகிக் கட்டுவது முதல் காப்பு. ஆனால் வியர்வையில் நனைந்த மெல்லிய துணி வழியாகவும் நிக்கல் இறங்கும். பக்கிளின் பின்னால் தடித்த பருத்தித் துணியையோ தோல் துண்டையோ தைத்துக்கொள்வது மேல். நிறமற்ற நகப்பூச்சை இரண்டு பூச்சு பூசலாம். அது சில நாளில் உரிந்துவிடும், வாரம் ஒருமுறை மறுபடி பூச வேண்டும். தோல் பெல்ட்டைக் காரிலும் வெயில்படும் ஜன்னலிலும் தொங்கவிடாதீர்கள். சமையல் சோடா, அம்மோனியா கலந்த துப்புரவுக் கரைசல், ஆளிவிதை எண்ணெய் மூன்றும் குரோம் தோலுக்கு ஆகாது. மழைக்காலத்தில் மரப்பட்டைத் தோலில் பூஞ்சை பிடித்தால் உலர்ந்த துணியால் வீட்டுக்கு வெளியே துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, தேன்மெழுகு மெல்லத் தடவினால் சரியாகிவிடும்.

பக்கிளை மாற்றிய மறுநாளே அரிப்பு நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஜீன்ஸ் பொத்தானையும் அதே நாளில் மாற்றாவிட்டால் பலன் தெரியாது. நான்கு வாரம் கழித்தும் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை கேளுங்கள். முதுகில் சிறு ஒட்டுகளாக நிக்கல், குரோமியம், ரப்பர் முடுக்கி, பசைப் பிசின் எல்லாவற்றையும் 48 மணி நேரம் ஒட்டிவைத்து, எடுத்த அன்றும் அதற்கு அடுத்த ஓரிரு நாளிலும் பார்ப்பார்கள். அந்த நாட்களில் முதுகு நனையக்கூடாது. போகும்போது பழைய பெல்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.